அணைந்து திரும்பி வந்த மஞ்சள்

செப்டம்பர் 24, செவ்வாய்

எனக்கு எழுத்து தெரியாது. மருமகள் பூங்கொடி இந்தப் போனில் மைக் படத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். அதை அமுக்கிக்கொண்டு பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம், தேதியும் அதுவே போட்டுக்கொள்ளுமாம். என்ன எழுதுகிறதோ எனக்குத் தெரியாது. என் பேர் சென்னியப்பன். லாரி ஓட்டிப் பிழைத்தவன். போர்டு படிக்காமலே நாக்பூர் வரைக்கும் போய் வருவேன். ஒரு தடவை போன வழி, ஒரு தடவை கேட்ட பேச்சு, எனக்கு மறந்ததில்லை.

இதைப் பேசச் சொன்னது பெரிய மகன் தாமோதரன். மில்லில் எலக்ட்ரீஷியன். என் லாரி நின்ற ஷெட்டில் இப்போது ஒரு சண்டை விமானத்தின் மூக்கு மட்டும் நிற்கிறது. பிளைவுட், அலுமினியத் தகடு, பழைய கார் சீட்டு எல்லாம் சேர்த்து அவனே கட்டியது. முன்னால் மூன்று டி.வி. சிமுலேட்டர் என்று பேர். பறக்காது, ஆனால் உள்ளே உட்கார்ந்தால் பறக்கிறோம் என்றுதான் உடம்பு நினைக்கும்.

என் வேலை சீட்டில் உட்கார்வது. தாமு பின்னால் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறைப் போடுவான். எனக்கு முன்னால் எச்சரிக்கை விளக்குகள் எரியும். எது முதலில், எது அடுத்து என்று சொல்ல வேண்டும். போனில் படம் பிடித்தால் ஆகாதா என்று பூங்கொடி கேட்டாள். அப்பா கண்ணு மாதிரி வராது என்றான். படம் பிடித்தால் ஆகும் என்று எனக்கும் தெரியும்.

செப்டம்பர் 25, புதன்

நேற்று சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

சின்னவன் ஈஸ்வரமூர்த்தி விமானப்படையில் சண்டை விமானம் ஓட்டினான். வடக்கே மணல்காட்டில் விழுந்துவிட்டது. பதினோரு வருடம் ஆகிறது. அன்றைக்கு அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு விமானத்தில் பறந்தவன் ஹரிகிருஷ்ணன். காரியமெல்லாம் முடிந்த பிறகு வீடு தேடி வந்தான். மூர்த்தி ரேடியோவில் கடைசியாகச் சொன்னதை எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் சொன்னான்.

இடது ஓரம் ஒரு மஞ்சள். நடுவில் பெரிய சிவப்பு. வலதில் ரெண்டு மஞ்சள், சேர்ந்தாப்போல. இடது மஞ்சள் அணைந்தது. இடது மஞ்சள் திரும்பி வந்தது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சில்லை.

விசாரித்த அதிகாரிகள், அப்படி ஒரு வரிசை வராது என்றார்கள். அணைந்த விளக்கு தானாகத் திரும்பி வராது, பையன் பதட்டத்தில் எதையோ அமுக்கியிருப்பான், இல்லையென்றால் மாற்றிச் சொல்லியிருப்பான். காகிதத்திலும் அப்படியே இருக்கிறது என்று தாமு படித்துச் சொன்னான். அந்தக் காகிதம் வந்த மறுவருடம் என் வீட்டுக்காரியும் போய்விட்டாள்.

மூர்த்தி பதறுகிறவன் இல்லை. நான்கு வயதில் லாரியில் என் கூட வருவான். ஒரு தடவை மலை இறக்கத்தில் பிரேக்கு பிடிக்கவில்லை. நான் கியரைப் போட்டு உறும விட்டு இறக்குகிறேன், கிளீனர் சாமி பேரெல்லாம் சொல்கிறான். இவன் மீட்டர் போர்டைப் பார்த்துக்கொண்டு, அப்பா, செவப்பு லைட்டு எரியுது, என்றான். பசிக்குது என்கிற மாதிரி.

தாமு தேடுவது இதைத்தான். எந்தக் கோளாறைப் போட்டால் அந்த வரிசை வரும்?

செப்டம்பர் 29, ஞாயிறு

இன்று நிறையப் பார்த்தோம். எண்ணெய் அழுத்தம் குறைத்தான், சிவப்பு முதலில் வந்தது. எரிபொருள் பம்பை நிறுத்தினான், வலது மஞ்சள் ஒன்று மட்டும். ஜெனரேட்டரை நிறுத்தினான். இடது மஞ்சள், நடுச் சிவப்பு, வலது ரெண்டும் சேர்ந்து. எனக்கு முதுகு நிமிர்ந்தது. ஆனால் இடது மஞ்சள் அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது.

"என்னங்கப்பா?" என்றான் பின்னாலிருந்து.

"அணையலை சாமி," என்றேன்.

அவன் வெளியே போய்த் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டான். ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தூக்கம் கெட்டு வருடக்கணக்காகிறது என்று பூங்கொடி சொல்கிறாள்.

நான் மாற்றிச் சொல்கிறேனா என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. ஹரி ஒரு தடவைதான் சொன்னான். நான் திருப்பிக் கேட்டதில்லை.

அக்டோபர் 3, வியாழன்

தக்காளி விலை ஏறிவிட்டது. சந்தைக்குக் கிளம்பினால் பூங்கொடி, "ஏனுங் மாமா, ஏரோப்ளேன்லயே போயிட்டு வந்துருங், பஸ்சுக்கு நிக்க வேண்டாம்," என்கிறாள். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் என்னை இப்போது பைலட்டு என்றுதான் கூப்பிடுகிறார்.

மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தாமு கோளாறு எதுவும் போடாமல் விமானத்தை மேலே விட்டுவிட்டு மில்லுக்குப் போய்விட்டான். மேகம் கொட்டை எடுத்த பஞ்சு மாதிரி அடியில் கிடக்கிறது. சத்தம் ஒரே சீராக இருந்தால் தூக்கம் வரும். கண்ணை மூடித் திறந்தால் அதே நீலம். எந்த ஊருக்கு மேலே இருக்கிறோம் என்று கேட்க ஆளில்லை. வலது பக்கத்தில் இன்னொரு விமானம் கூடவே வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. தாமு மில் பூசைக்குப் போய்விட்டான்.

லாரி இருந்த காலத்தில் ஒரு வருடம் விட்டதில்லை. கழுவி, மாலை போட்டு, ஸ்டியரிங், கியர், மீட்டர் போர்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்துத்தான் வண்டியை நகர்த்துவேன். அதே ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு வைக்காமல் விடலாமா? இதற்குச் சக்கரம் இல்லை. ஸ்டாண்டு கால்களுக்கு அடியில் பழத்தை வைத்தேன். சந்தனத்தில் பன்னீரைத் தாராளமாக விட்டுக் குழைத்தேன். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பொட்டு. இடது பக்கம் இருக்கிற சுவிட்சு வரிசைக்கு விரலால் நீட்டி ஒரு பட்டை.

"கரண்டு சாமானுங் மாமா, பாத்து," என்றாள் பூங்கொடி.

"வண்டிக்கு வெச்சுப் பழகின கையி அம்மணி," என்றேன்.

சாயங்காலம் தாமு வந்து பார்த்துச் சிரித்தான். துணியால் மேலாக ஒற்றி எடுத்துவிட்டு, பொரியும் கடலையும் தின்றுகொண்டே, இனி இந்த விமானத்துக்கு ஒரு குறையும் வராதுங்கப்பா, என்றான்.

அக்டோபர் 13, ஞாயிறு

வந்துவிட்டது.

காலையில் நான் சீட்டில் உட்கார்ந்தேன். தாமு இன்னும் ஒரு கோளாறும் போடவில்லை, டீ ஆற்றிக்கொண்டிருந்தான். இடது ஓரம் மஞ்சள். நடுவில் பெரிய சிவப்பு. வலதில் ரெண்டு மஞ்சள் சேர்ந்தாப்போல. இடது மஞ்சள் அணைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இடது மஞ்சள் திரும்பி வந்தது.

"தாமு, இங்க வா," என்றேன்.

அவன் வந்து என் தோளுக்கு மேலே நின்று பார்த்தான். மறுபடியும் அணைந்தது, மறுபடியும் வந்தது. டீ டம்ளரை என் மடியிலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். தென்னையைப் பிடித்துக்கொண்டு முதுகு குலுங்க நின்றான். பூங்கொடி ஓடிப்போய் என்ன என்று கேட்டாள். அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஜெனரேட்டர் சுவிட்சு இடது வரிசையில் முதலாவது. டீயை இறக்கி வைக்கும்போது என் விரல் அதன் அடியில் பட்டது. பிசுபிசுவென்று இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 16, புதன்

தாமு ரெண்டு நாளாக நன்றாகச் சாப்பிடுகிறான். குளிக்கும்போது பாட்டு வருகிறது என்று பூங்கொடி சொல்லிச் சிரித்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டதாம். நேற்று ஷிப்டு முடிந்து வந்தவன் கட்டிலில் சாய்ந்ததுதான் தெரியும், காலையில் காக்காய் கத்தியும் எழவில்லை.

ஹரிக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டான். ஹரி படையை விட்டு வந்து இப்போது பயணிகள் விமானம் ஓட்டுகிறான். இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறான். அவன் பார்த்த பிறகு, வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி டெல்லிக்கு எழுதப் போகிறானாம் தாமு.

எனக்குக் கொஞ்சம் சளி. மிளகு ரசம் குடித்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

தாமு மில்லுக்குப் போன பிறகு டார்ச்சு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். சுவிட்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அதற்குள்ளே மஞ்சளாக என்னவோ இருக்கிறது. மோந்து பார்த்தேன்.

சொல்ல வேண்டும். இன்று அவன் பூங்கொடிக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தான். நாளைக்குச் சொல்கிறேன்.

அக்டோபர் 19, சனி

சொல்லவில்லை.

கனவில் நான் லாரி ஓட்டுகிறேன். ரோடு இல்லை, அடியில் முழுக்க மேகம். எதிரே வண்டி ஒன்றும் வருவதில்லை. பக்கத்துச் சீட்டில் மூர்த்தி, நான்கு வயது. மீட்டர் போர்டில் விளக்கெல்லாம் எரிகிறது, மஞ்சளும் சிவப்புமாக, திருவிழாவில் எரிகிற மாதிரி. என்ன கண்ணு கோளாறு என்று கேட்டேன். ஒண்ணுமில்லைங்கப்பா, அழகா இருக்குதுன்னு போட்டு உட்டேன், என்றான்.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று விளக்கு வரவில்லை. அரைப் பொழுது உட்கார்ந்து பார்த்தோம். நீலம்தான். ஒரு மஞ்சள்கூட இல்லை. சுவிட்சின் அடியை விரலால் தொட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

தாமு கோபப்படவில்லை. விளக்குகளை ஆட்டிவைக்கிற பச்சைப் பலகை ஒன்று கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது, போர்டு என்பான். அது இல்லாமல் ஒரு விளக்கும் எரியாது. அதைக் காந்திபுரத்தில் ஒரு கடையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று கழற்றிவிட்டான்.

அக்டோபர் 21, திங்கள்

போர்டைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தான். சனிக்கிழமைதான் தருவார்களாம்.

அக்டோபர் 23, புதன்

விடாத மழை. சந்தை கூடவில்லை. ஷெட்டு ஒழுகுகிறது, சிமுலேட்டர் மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். விளக்கில்லாமல் அது வெறும் நாற்காலிதான். கோழி ஒன்று உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. தாமுவுக்கு ரெண்டு ஷிப்டு, நாள் முழுக்க மில்லில்.

அக்டோபர் 26, சனி

போர்டு வாங்க நானும் கூடப் போனேன். இனி ஹரி வருவதற்கு ஒரு நாள்தான் இருக்கிறது. கடைக்காரன் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தான், ஒரு குறையும் இல்லை என்றான். பஸ்சில் அதை என் மடியில் வைத்துக்கொண்டேன். சிங்காநல்லூரில் இறங்கி ஒரு பேக்கரியில் டீ சொன்னான். எனக்குத் தேங்காய் பன்னும் சொன்னான். அதைப் பிய்க்கப் போனவன் கீழே வைத்துவிட்டேன்.

"தாமு, அது நான் வெச்ச சந்தனம். அன்னைக்குப் பன்னீரைச் சாஸ்தியா ஊத்திட்டேன். சுவிட்சுக்குள்ள எறங்கிருச்சு. அதனாலதான் அணைஞ்சு அணைஞ்சு வந்துச்சு."

அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். ரோட்டில் லாரி ஒன்று போய் முடிந்தது.

"தெரியுமுங்கப்பா. போன சனிக்கிழமையே சுவிட்சைக் கழட்டிப் பார்த்தேன். நான்தான் துடைச்சு வெச்சேன்."

"அப்புறம் எதுக்குடா சொல்லாம இருந்தே?"

"நீங்க நல்லாத் தூங்குனீங்க. பதினோரு வருசத்துல இப்பத்தான் ராத்திரி நீங்க எந்திரிச்சு வாசலுக்குப் போகாம இருந்தீங்க."

நான் எழுந்து போவது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

என் முகத்தைப் பார்த்தான். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, வேகமாகச் சொன்னான். அதனாலொன்றும் இல்லையாம். சந்தனத்தைத் துடைத்த பிறகு, வேண்டுமென்றே ஜெனரேட்டருக்குப் போகிற வயர் ஒன்றை லூசாக வைத்துச் சோதித்தானாம். வயர் தொட்டுத் தொட்டு விட்டால் அதே வரிசை வருகிறதாம்.

"ஒண்ணுமே மாறலைங்கப்பா. இடது மஞ்சள், செவப்பு, வலது ரெண்டு, அணைஞ்சு, திரும்பி. நிஜ விமானத்துலயும் ஒரு வயர் லூசானா அப்படித்தான் ஆகியிருக்கும். மூர்த்தி மாத்திச் சொல்லலை. நீங்களும் மாத்திச் சொல்லலை."

"எப்பப் பார்த்தே?" என்றேன்.

"புதன்கிழமை," என்றான்.

இன்று வரைக்கும் கடையில் இருந்த போர்டு, குமிழ் பிளாஸ்டிக்கில் என் மடியில் இருந்தது. அதை ஒரு தடவை இழுத்துச் சரியாக வைத்துக்கொண்டேன்.

டெல்லிக்கு எப்போது எழுதுவாய் என்று கேட்டேன். எழுதப் போவதில்லை, பொம்மையைச் சாட்சிக்குக் கொண்டுபோக முடியுமா, நமக்குத் தெரிந்தால் போதும், என்றான். பன்னைப் பாதி பிய்த்து என் கையில் கொடுத்தான். ரெண்டு பேரும் தின்றோம். நல்ல பன்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஹரி வந்தான். முன் தலை வழுக்கை விழுந்துவிட்டது. அன்றைக்கு வந்தபோது சின்னப் பையன் மாதிரி இருந்தான். பூங்கொடி பள்ளிபாளையம் சிக்கனும் ரசமும் வைத்தாள். ஹரி வெகுநேரம் எதையும் கேட்கவில்லை, மழையைப் பற்றியும் தென்னையைப் பற்றியும் பேசினான். சோற்றில் ரசத்தை ஊற்றிய பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

விசாரணையில் அவனைத்தான் முதலில் கேட்டார்களாம். மூர்த்தி சொன்னதை அப்படியே சொன்னானாம். அவர்கள் நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் அவனுக்கே சந்தேகம் வந்து, ஒருவேளை தான் சரியாகக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டானாம். இத்தனை வருடமாக, ஓட்டுகிற விமானத்தில் எந்த மஞ்சள் எரிந்தாலும் மூர்த்தி குரல்தான் காதில் விழுகிறதாம்.

"இடது மஞ்சள். நடுவுல செவப்பு. வலதுல ரெண்டு மஞ்சள் சேர்ந்து. இடது அணைஞ்சு, இடது திரும்பி வந்துச்சு," என்றான் ஹரி. ஒரு சொல் மாறவில்லை. என் தலையில் இருந்ததும் அதே. "அப்பா, தாமு சொன்னாருன்னு நான் வந்துட்டேன். ஆனா நீங்க சொன்னாத்தான் நம்புவேன். அந்த வரிசையை நீங்க பார்த்தீங்களா? கோளாறு என்னன்னு தெரிஞ்சுதா?"

தாமு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோற்றில் விரல் அசையவில்லை. பூங்கொடி கரண்டியோடு நின்றாள்.

"பார்த்தனுங் தம்பி," என்றேன். "புதன்கிழமை. ஜெனரேட்டர் வயர் ஒண்ணை லூசா வெச்சு இவன் போட்டான். நான் சீட்டுல உக்கார்ந்திருந்தேன். நீங்க சொன்ன மாதிரியே வந்துச்சு, அணைஞ்சுது, திரும்பி வந்துச்சு. ஒரு தடவை இல்லை, மூணு தடவை."

ஹரி இடது கையால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலது கையில் ரசம் காய்ந்தது. தாமு மெதுவாக என் பக்கம் திரும்பினான். நான் அவன் தட்டில் இன்னும் ஒரு துண்டு எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் மூன்று பேரும் ஷெட்டுக்குப் போனோம். தாமு போர்டை மாட்டினான். ஹரியை ஓட்டச் சொன்னேன். சீட்டில் உட்கார்ந்தவுடன் அவன் கை வேறு மாதிரி ஆகிவிட்டது, நிதானமாக, எதையும் தேடாமல். மேலே கொண்டுபோனான். மேகத்தைத் தாண்டிய பிறகு சாய்ந்து சாய்ந்து திருப்பினான். ஒரு விளக்கும் எரியவில்லை. நாங்கள் ரெண்டு பேரும் பின்னால் ஸ்டூலில். வலது பக்கம் ஜன்னல் மாதிரி இருக்கிற டி.வி.யில் வெறும் நீலம். இந்தத் தடவை திரும்பிப் பார்த்தேன். நீலம்தான். அது போதுமாக இருந்தது.

இறக்கும்போது ஹரி திரும்பாமலே கேட்டான், இப்போது அடைமழைக் காலமாயிற்றே, புதன்கிழமை மழையில் கரண்டு இருந்ததா என்று.

"மழையா? அன்னைக்கு நல்ல வெயிலுங் தம்பி," என்றேன்.